அம்மப்பாவின் சப்பாத்துப் பொலிஷ்

இன்று வெள்ளவத்தையில் சப்பாத்து தைப்பவர், மகனின் சப்பாத்தைத் தைத்து முடித்து, துணியில் ஒரு துளி தண்ணீர் தொட்டு நுனியை வட்டமாகத் தேய்த்தார்.

அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மப்பாவும் இப்படித்தான். ஞாயிறு இரவில் பேரப்பிள்ளைகள் ஐவரின் சப்பாத்துகளையும் வரிசையாக வைத்து, பழைய சாரத் துண்டை விரலில் சுற்றிக்கொண்டு, முகம் தெரியும்வரை விடமாட்டார். அம்மம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவருடைய செருப்பையும் துடைத்து வாசலில் வைப்பார், நாளைக்கே எழுந்து நடக்கப்போகிறவருக்கு வைப்பதுபோல.

பட்டாளக் கதை சொன்னதில்லை. 1955இல் இலங்கை இராணுவத்தின் முதல் இலங்கையர் தளபதியாக அன்டன் முத்துக்குமாரு வந்ததைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிரும்.

இராணுவம் என்ற சொல்லுக்கு எங்கள் சனத்திடம் எத்தனையோ அர்த்தம். சரி, எனக்கு முதலில் வருவது அந்தப் பொலிஷ் மணம்தான்.