கிட்டிங்கரின் வலது கையுறை

ஆகஸ்ட் 3
கச்சான் காற்று ஓயவில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையில்.

ஆகஸ்ட் 5
ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ராத்திரி முழுக்க ஜன்னலை அடித்தது. இந்தக் காற்றில் யாரும் பலூன் நிரப்ப மாட்டார்கள். உறை மெல்லிய பாலித்தீன், ஒரு கிழிசல் போதும். 1960 ஆகஸ்ட் 16இல், 31 கி.மீ. உயரத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்க, அமெரிக்க விமானப்படைக்காரர் ஜோசப் கிட்டிங்கர் பலூனில் விடியலில் கிளம்பியது காற்று அடங்கியிருக்கும் நேரம் என்பதால்தான். உறை 60 மீட்டர் உயரம். கிளம்பும்போது உச்சியில் மட்டும் ஒரு குமிழ், மிச்சமெல்லாம் சுருங்கித் தொங்கும். 31 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான். ஹீலியம் விரிய அந்த இடம் வேண்டும்.

ஆகஸ்ட் 6
ஊசியை இடது கைக்கு மாற்றினார்கள். அப்பாவின் வலது கை வீக்கம் வடியவில்லை.

ஆகஸ்ட் 8
கிட்டிங்கரின் வலது கையுறை. ஏறும்போதே அதில் அழுத்தம் நிற்கவில்லை. 19 கி.மீ.க்கு மேலே உடல் சூட்டிலேயே நீர் கொதித்துவிடும். உடையில் அழுத்தம் நிற்காத இடம் வீங்கும். கை இரண்டு மடங்கு வீங்கிச் செயலிழந்தது. சொன்னால் இறங்கச் சொல்வார்கள் என்று உச்சி வரை கீழே இருந்தவர்களிடம் சொல்லவில்லை. எனக்கு அது சரியென்று படவில்லை. ஆனாலும் அந்தக் கையோடு குதித்தார்.

ஆகஸ்ட் 9
கையுறையை மட்டும் பேசினால் போதாது. அதற்கு முந்தைய நவம்பரில், 1959இல், 76,400 அடியிலிருந்து குதித்தபோது சாகத்தான் இருந்தார். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி இல்லை, குதிப்பவர் பம்பரமாகச் சுழலுவார். அதைத் தடுக்கத்தான் 6 அடிச் சிறு பாராசூட். வேகம் பிடித்த பிறகே அது விரிய வேண்டும். குதிக்க எழுந்தபோதே நேரக்கருவி ஓடத் தொடங்கிவிட்டது. வேகமில்லாத காற்றில் விரிந்து கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு 120 சுற்று. நினைவு தப்பியது. அவசரப் பாராசூட் தானாக விரியும்படி வைத்திருந்ததால் பிழைத்தார். ஒரு மாதத்துக்குள், டிசம்பர் 11இல், அதே ஏற்பாட்டைச் சரிசெய்து மறுபடி குதித்தார்.

ஆகஸ்ட் 11
வீக்கம் அப்படியே.

ஆகஸ்ட் 12
1984இல் கிட்டிங்கர் பலூனில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார், வட அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து இத்தாலி வரை. ராத்திரி வாயு குளிர்ந்து சுருங்கும், பலூன் இறங்கும், மணலைக் கொட்ட வேண்டும். பகலில் வெயில் பட்டு ஏறும். ஒவ்வொரு ராத்திரியும் மணல் குறைகிறது, அத்தனை நாள்தான் பயணம். மணல் சலித்துக் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரமானால் கட்டிபிடித்துக் கொத்தாக விழும், அளந்து கொட்ட முடியாது. மணவாளக்குறிச்சி கருமணல் என்றால் அதே எடைக்குச் சின்ன மூட்டையே போதும்.

ஆகஸ்ட் 14
மழை. போன் வரவில்லை.

ஆகஸ்ட் 16
1960இல் இதே நாள். 102,800 அடி. 4 நிமிடம் 36 நொடி சிறு பாராசூட்டோடு விழுந்தார், மணிக்கு 988 கி.மீ. வரை. 28 அடிப் பெரிய பாராசூட் 18,000 அடி வாக்கில் விரிந்தது. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் இறங்கிய பிறகு கை சுமார் மூன்று மணி நேரத்தில் பழையபடி ஆனது.

மூன்று மணி நேரம்.

காலையில் அப்பா சுண்டுவிரலை மடக்கினார்.