34ஆம் தெருவில் ஒரு திங்கட்கிழமை

நியூயார்க் போகிறவர்கள் 34ஆம் தெருவில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் அதே தெருவில் மேற்கே நடந்தேன். எட்டாவது அவென்யூவைத் தாண்டியதும் நியூயார்க்கர் ஹோட்டல். விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லா கடைசிக் காலத்தைக் கழித்தது அங்கேதான். அதை ஒட்டியே மன்ஹாட்டன் சென்டர். நான் தேடி வந்தது இதைத்தான்.

டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் வீரர்கள் படம் போட்ட கார்டுக் கட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். அதில் வரும் வீரர் அண்டர்டேக்கரின் உயரமும் எடையும் வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம். அவரை வாரா வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்த 'மண்டே நைட் ரா' தொலைக்காட்சி நிகழ்ச்சி 1993 ஜனவரி 11 அன்று தொடங்கியது இந்தக் கட்டடத்தில்தான்.

ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் 1906இல் ஓபராவுக்காகக் கட்டிய அரங்கம் இது. சுமார் இருபதாயிரம் பேர் உட்காரும் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஏழாவது மாடியில் ஆயிரம் பேர் கொள்ளும் இந்தக் கூடத்தில் போய் ஏன் ரிங் போட்டார்கள்? முதல் ஒளிபரப்பை மறுபடி பார்த்தபோது காரணம் புரிந்தது. அதற்கு முன்னால் இருந்த 'பிரைம் டைம் ரெஸ்லிங்'கில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசுவார்கள், நடுநடுவே எங்கோ பதிவுசெய்த சண்டைகள் வரும். 'ரா'வில் கூட்டத்தின் சத்தம் கூரையில் முட்டித் திரும்புகிறது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களின் முகம்கூடத் தெரிகிறது.

அன்று கடைசிச் சண்டையில் அண்டர்டேக்கர் டேமியன் டிமென்டோவை வீழ்த்தினார். ஆனால் எனக்கு அந்தக் கூடம் என்றால் அதே வருடம் மே 17தான். தோற்பதற்கென்றே கொண்டுவரப்பட்டவன் போல இருந்த ஒல்லிப் பையன் ஒருவன், மூலைக் கயிற்றின் மேலேறிப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து பெயர்பெற்ற வீரர் ரேசர் ரமோன் மேல் விழுந்தான். நடுவர் தரையைத் தட்டினார்: ஒன்று, இரண்டு, மூன்று. ரேசர் நம்ப முடியாமல் எழுந்து நின்றார், கூட்டம் வெடித்தது. அந்த எண்ணிக்கையே 'ஒன் டூ த்ரீ கிட்' என்று பையனுக்குப் பெயரானது. இருபதாயிரம் பேர் அரங்கில் அந்த அதிர்ச்சி இத்தனை நெருக்கமாக இருந்திருக்காது.

பிறகு பெரிய அரங்கங்கள், பெரிய சண்டைகள். 1995 செப்டம்பரில் போட்டி நிறுவனமான டபிள்யூ சி டபிள்யூ அதே திங்கள் இரவில் 'நைட்ரோ'வைத் தொடங்கியது. ஒன்றரை வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து 'ரா'வைப் பார்வையாளர் எண்ணிக்கையில் தோற்கடித்தது. 1999 ஜனவரி 4 அன்று, முன்பே பதிவான 'ரா'வில் மேன்கைண்ட் என்ற வீரர் சாம்பியன் ஆகப்போவதை 'நைட்ரோ'வின் வர்ணனையாளர் ஏளனமாகப் போட்டு உடைத்தார். அதைப் பார்க்கவே லட்சக்கணக்கானோர் 'ரா'வுக்குச் சேனல் மாற்றினார்கள். ஒரு நல்ல மனிதன் ஜெயிப்பதைப் பார்க்க ஜனங்கள் எவ்வளவு ஏங்கியிருக்கிறார்கள்! 2001 மார்ச்சில் 'நைட்ரோ' முடிந்தது. 'ரா' 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸுக்கு மாறி இன்னும் ஓடுகிறது.

வாசலில் இருந்த காவலர் மேலே அனுமதி இல்லை என்றார். எனக்கு உடனே டபிள்யூ டபிள்யூ எஃப் வர்ணனையாளர் பாபி ஹீனன் ஞாபகம் வந்தது. முதல் நாள் வர்ணனையில் தனக்கு இடமில்லை என்றதும், பெண் வேடத்திலும் யூத மதகுரு வேடத்திலும் வந்து இதே கட்டடத்துக்குள் நுழையப் பார்த்தார் அவர். ஒருவழியாக உள்ளே விட்டபோது நிகழ்ச்சியே முடிந்திருந்தது.

"முதல் 'ரா' நடந்தது எந்த மாடி சார்?" என்று மட்டும் கேட்டேன். விடை தெரியும், இருந்தாலும் அங்கே வேலை செய்கிறவர் வாயால் கேட்க ஆசை. அவர் சிரித்துக்கொண்டே ஏழு விரல்களைக் காட்டினார்.

எதிர் நடைபாதைக்குப் போய்க் கீழிருந்து ஒவ்வொரு மாடியாக எண்ணினேன். அன்று திங்கட்கிழமை. அந்தக் காலத்தில் 'ரா' தொடங்கிய இரவு 9 மணி வரை, குளிரில் அங்கேயே நின்றிருந்தேன்.