ஐயோவாவில் ஆண்டுக்கு ஒரே போகம்: உழவியல் படிக்க வருவோருக்கு

குறுவை, சம்பா, தாளடி, நவரை என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று வயலில் நிற்கும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்க மாநிலமான ஐயோவாவில் பழக நாளாகும் விஷயம் ஒன்று உண்டு. இங்கே ஆண்டுக்கு ஒரே போகம். சித்திரையில் மக்காச்சோளமும் சோயாவும் விதைப்பு, ஆடியில் பூப்பு, புரட்டாசி ஐப்பசியில் அறுவடை. கார்த்திகை முடிவதற்குள் மண் உறையத் தொடங்கிவிடும். நம்மூரில் ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற நாளில் இங்கே மக்காச்சோளத்தின் ஆண்பூ மகரந்தம் கொட்டிக்கொண்டிருக்கும். விதைப்பில் கோட்டைவிட்ட சோதனையைத் திரும்பப் போட அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும். படிப்பு, உதவித்தொகை, விசா மூன்றையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

ஏம்ஸ் நகரில் இருக்கும் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குப் பெரும்பாலானவர்கள் ஆகஸ்டில் வந்து சேர்கிறார்கள். அந்த இலையுதிர் காலத்தில் மற்றவர்களின் பாத்திகளை அறுக்க உதவலாம், அவ்வளவுதான். சொந்த விதைப்பு அடுத்த ஏப்ரலில். இரண்டாம் விதைப்பு முடிந்து பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் இரண்டு ஆண்டு முடிந்துவிடும். ஆக, கையில் கிடைப்பது ஒரு முழுப் பருவமும் ஒரு அரைப் பருவமும். இரண்டு ஆண்டுத் தரவு கேட்கும் ஆய்வென்றால் ஜனவரியில் சேர்வது நல்லது. மார்ச்சுக்குள் வயல் வரைபடம் தயார் செய்தால் இரண்டு முழு அறுவடை கிடைக்கும், டிசம்பரில் ஆய்வேட்டை முடிக்கலாம். சேரும் மாதத்தைப் பற்றிப் பேராசிரியரிடம் முதல் கடிதங்களிலேயே பேசிவிடுங்கள். வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இடம் கிடைப்பதே பேராசிரியரின் திட்டத்தில் பணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே எழுத வேண்டும். 'உங்கள் ஆராய்ச்சியால் ஈர்க்கப்பட்டேன்' என்ற வரியோடு தொடங்கும் கடிதம் பதில் இல்லாமலே போகும். எந்தப் பயிர், எத்தனை பாத்தி, ஒவ்வொன்றையும் எத்தனை முறை திரும்பப் போட்டீர்கள், எந்த மென்பொருளில் கணக்கிட்டீர்கள் என்று நான்கு வரியில் சொல்லுங்கள். ஆய்வு உதவியாளர் பணி கிடைத்தால், அது ஒன்பது மாதமா பன்னிரண்டு மாதமா, கல்விக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. உதவியாளர் பணியே அந்த 20 மணியை நிரப்பிவிடும் என்பதால் வேறு வேலைக்கு இடமில்லை.

இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்களை நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் என்கிறார்கள். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் கல்லூரி நடத்தச் சொன்னது. அந்த ஏற்பாட்டை முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் ஐயோவா. 1887இல் ஹாட்ச் சட்டம் ஆராய்ச்சி நிலையங்களையும், 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் ஆராய்ச்சியை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியையும் சேர்த்தன. நம்முடைய மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் இந்த அச்சில் வார்த்தவைதான், அதனால் பாடமும் ஆராய்ச்சியும் விரிவாக்கமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது கோவையில் படித்தவர்களுக்குப் புதிதல்ல. புதிது என்னவென்றால், கோடையில் நடக்கும் வயல் நாளில் உங்கள் பாத்திக்கு முன் நிற்கும் விவசாயி ஆயிரம் ஏக்கர் உழுபவராக இருக்கலாம். சராசரி விளைச்சலைச் சொன்னவுடன் 'ஏக்கருக்கு எத்தனை புஷல், எந்த ஈரத்தில்?' என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் முதல் ஆறு மாதமும் தடுமாற்றம். மக்காச்சோளம் ஒரு புஷல் 56 பவுண்டு, சோயா 60 பவுண்டு. ஏக்கருக்கு 200 புஷல் மக்காச்சோளம் என்றால் ஹெக்டேருக்குச் சுமார் 12.5 டன். ஏக்கருக்கு ஒரு பவுண்டு உரம் ஹெக்டேருக்கு 1.12 கிலோ. புஷல் கணக்கு எப்போதும் நிர்ணயித்த ஈரப்பதத்துக்கு: மக்காச்சோளத்துக்கு 15.5 சதவீதம், சோயாவுக்கு 13. பாத்தியில் 20 சதவீத ஈரத்தோடு 1000 பவுண்டு அறுத்தால், அதை 80ஆல் பெருக்கி 84.5ஆல் வகுக்க வேண்டும். 947 பவுண்டு வரும், 56ஆல் வகுத்தால் 16.9 புஷல். 20இலிருந்து 15.5ஐ நேராகக் கழித்துப் பார்ப்பது எல்லாரும் ஒருமுறை செய்யும் தவறு. மாறாமல் இருப்பது உலர் எடை, அதை வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

செடி எண்ணிக்கைக்கு ஓர் எளிய வழி உண்டு. வரிசை இடைவெளி 30 அங்குலம் என்றால், 17 அடி 5 அங்குல நீள வரிசை ஒரு ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நீளத்தில் 33 செடி இருந்தால் ஏக்கருக்கு 33,000. நம்மூரில் 60க்கு 25 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்கு 66,000 சொச்சம் வைப்போம், இங்கே அது 81,000ஐத் தாண்டும். இந்த நெருக்கத்தைத் தாங்கும்படி வளர்த்த வீரிய ரகங்கள் இவை. விதை ஆழம் இரண்டு அங்குலம். ஈரமும் குளிருமான மண்ணில் அவசரப்பட்டு விதைத்தால் முளை தாறுமாறாக வரும். பிந்தி முளைத்த செடி பக்கத்துச் செடியின் நிழலிலேயே கிடந்து, கடைசிவரை களை மாதிரிதான் நிற்கும். மண் வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டி, மேலும் ஏறும் என்று வானிலை சொன்னால் விதைக்கலாம்.

பயிர் வளர்ச்சியை அளக்கும் வெயில் கணக்கும் 50இல்தான் தொடங்கும். நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து 50ஐக் கழிக்க வேண்டும். உச்சம் 86ஐத் தாண்டினால் 86 என்றும், குறைந்தது 50க்குக் கீழே போனால் 50 என்றும் வைக்க வேண்டும். 95 உச்சமும் 60 குறைவுமான நாளுக்கு 23 அலகு. 86 என்ற வரம்பை மறந்தால் 27.5 வந்து, கோடை முழுவதற்கும் கணக்கு கெட்டுப்போகும். முளை வெளிவர 100 முதல் 120 அலகு பிடிக்கும். 'விதைத்த 45ஆம் நாள்' என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், இங்கே யாரும் நாளை எண்ணுவதில்லை. இலைக்கழுத்து (இலை தண்டோடு சேரும் இடம்) தெளிவாகத் தெரியும் இலைகளை மட்டும் எண்ணி 'வி6', 'வி10' என்பார்கள். நுனி உருண்ட முதல் இலையையும் சேர்த்து எண்ண வேண்டும். வி6க்குப் பிறகு அடியிலைகள் உதிர்ந்துவிடும் என்பதால், ஐந்தாம் இலையின் நுனியை முன்பே கத்தரித்து அடையாளம் வையுங்கள். இல்லையென்றால் ஜூலையில் ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு எண் சொல்வார்கள்.

மண்ணைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பனிப்பாறை விட்டுச்சென்ற படிவின் மேல் புல்வெளி பல்லாயிரம் ஆண்டு மக்கி உருவான கருமண் இது. நம் கரிசல் போல வெடிக்காது, கையில் எடுத்தால் ரவை உருண்டை மாதிரி உதிரும். ஏம்ஸைச் சுற்றி மேட்டில் கிளாரியன், சரிவில் நிக்கலெட், தாழ்வில் வெப்ஸ்டர் என மண் வகைகள் வரிசையாக வரும். ஒரே வயலில் மூன்றும் இருக்கும், அதனால் சோதனைத் தொகுதிகளைச் சரிவுக்குக் குறுக்கே, ஒவ்வொரு தொகுதியும் ஒரே மண்ணில் அடங்கும்படி போட வேண்டும். பள்ளங்களின் விளிம்பில் சுண்ணாம்பு மிகுந்த ஹார்ப்ஸ் மண் வளையமாக இருக்கும். அங்கே சோயா இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைபாடு. தழைச்சத்து என்று நினைத்து யூரியா போட்டால் இன்னும் மோசமாகும்.

நீர் பாய்ச்சப் படித்த நமக்கு, நீரை வடிக்கப் படிப்பது இங்கேதான். மூன்று நான்கு அடி ஆழத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள் வயல் முழுக்கப் புதைந்திருக்கும், 'டைல்' என்பார்கள். அவை இல்லையென்றால் மே மாதத்தில் டிராக்டர் இறங்காது. அந்தக் குழாய் வழியே நைட்ரேட்டும் ஆற்றுக்குப் போகிறது. குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன், அதனால் தழைச்சத்து ஆய்வு இங்கே விளைச்சல் கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. செடி 6 முதல் 12 அங்குலம் இருக்கும்போது ஓரடி ஆழ மண்ணெடுத்து நைட்ரேட் பார்ப்பார்கள். 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) இருந்தால் மேலுரம் வேண்டாம். குறைந்தால், குறையும் அளவை 8ஆல் பெருக்க வேண்டும். 15 வந்தால் ஏக்கருக்கு 80 பவுண்டு. மாதிரியை வெயிலில் காரில் போட்டுவைத்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்து எண் ஏறிவிடும், உடனே குளிர்பெட்டியில் வையுங்கள்.

பாத்திகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போடும் அமைப்பை நாம் 'ஆர்.பி.டி.' என்போம், இவர்கள் 'ஆர்.சி.பி.டி.' என்பார்கள். இரண்டு சராசரிகள் உண்மையிலேயே வேறுபட இருக்க வேண்டிய குறைந்தபட்ச வித்தியாசம் நமக்கு 'சி.டி.', இங்கே 'எல்.எஸ்.டி.' பெயர்தான் வேறு. ஆனால் தொகுதியையும் ஆண்டையும் வாய்ப்புக் காரணிகளாக வைக்கும் கலப்பு மாதிரிகள் நம்மில் பலருக்குப் புதிது. முதல் குளிர்காலத்திலேயே ஆர் மென்பொருளில் கை பழகிவிடுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். பூச்சிக்கொல்லிப் பயிற்சி முடிக்காமல் வயலில் இறங்க விடமாட்டார்கள், லேபிளில் உள்ளதுதான் சட்டம். களைக்கொல்லிகளில் கிளைபோசேட் அடித்த வயலில் பொதுவாக 4 மணி நேரமும் அட்ரசின் அடித்ததில் 12 மணி நேரமும் நுழையக் கூடாது. உரமாகப் போடும் நீரற்ற அம்மோனியா 82 சதவீதத் தழைச்சத்து. ஈரம் தேடிப் போகும் வாயு என்பதால் கண்ணையும் தொண்டையையும்தான் முதலில் பிடிக்கும். தொட்டி அருகே காற்று அடிக்கும் திசையில் நிற்காதீர்கள். பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரால் கழுவ வேண்டும். தானியக் குதிருக்குள், தானியத்தை வெளியே தள்ளும் இறைப்பான் ஓடும்போது இறங்குவது உயிருக்கு ஆபத்து, நொடிகளில் இடுப்புவரை இழுத்துவிடும். கோடையில் முழுக்கைச் சட்டை போடுங்கள், மக்காச்சோள இலை கத்திபோலக் கீறும். மாலையில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நகருக்குள் சைரைடு பேருந்தில் மாணவர் அட்டை போதும். ஆராய்ச்சிப் பண்ணை மேற்கே பூன் மாவட்டத்தில், நாஷுவா போன்ற வெளி நிலையங்களோ ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். ஆகவே ஓட்டுநர் உரிமத்தை முதல் இலையுதிர் காலத்திலேயே, பனி விழுமுன் வாங்குங்கள். ஏப்ரலில் தேர்வுக்கு நேரம் இருக்காது.

பெட்டியில் விதை, மண், கறிவேப்பிலை மூன்றும் வேண்டாம். ஆய்வுக்கு மண் வேண்டுமென்றால் அமெரிக்க வேளாண் துறையின் அனுமதி பேராசிரியர் வழியாக வர வேண்டும், விதைக்குத் தாவர நலச் சான்று. வயலில் போட்ட பூட்ஸைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து, பண்ணைக்குப் போனதுண்டா என்று விமான நிலையச் சோதனையில் கேட்டால் ஆமென்று சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலும் பூட்ஸைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள், மறைத்தால் அபராதம்.

வீட்டுத் தோட்டத்துக்கு விதையை இங்கேயே வாங்கலாம். மிளகாய், கத்தரியை மார்ச் கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்குள் முளைக்கவிட்டு, மே பாதிக்கு மேல் வெளியே நடுங்கள். வெண்டையை மே கடைசியில் நேரடியாக ஊன்றலாம். முருங்கையைத் தொட்டியில் மட்டும் வையுங்கள். முதல் உறைபனி பெரும்பாலும் புரட்டாசியில் விழும், அதற்கு முந்தைய வாரமே தொட்டி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.