பள்ளத்தில் நின்ற தண்ணீர்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் அப்பா கான், அதாவது வடிகால், வெட்டும் வேலை செய்தவர். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, இடையிடையே குழி விட்டு வண்டலை அதில் தங்கவைத்து, மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி ஓடையில் இறக்கிவிடுவது அந்த வேலை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னாலும் கான் ஓடியது. கூரைத் தகரம் ஒழுகுமே தவிர, காம்பரா அறைக்குள் தண்ணீர் தேங்கி நின்றதாக எனக்கு நினைவில்லை.

2024 ஜூலை 16 ஆம் திகதி, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீற்றர் மழை பதிவான அன்று, ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பேஸ்மன்டில், அதாவது நிலத்தடி அறையில், கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கான் வெட்டியவரின் மகன் வாளியும் கையுமாக நின்றேன். அதற்குக் கீழே இடமே இல்லாதபோது கானை எங்கே வெட்டுவது?

ஹற்றனிலிருந்து வந்து இங்கே குழாய் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், குழியில் சேரும் நீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் பொருத்தச் சொன்னார். தரை சாயும் மூலையில் கொங்கிறீற்றை உடைத்து, சுமார் 18 அங்குல அகலமும் 24 அங்குல ஆழமும் கொண்ட பிளாஸ்டிக் தொட்டியைச் சல்லியின் மேல் இறக்கினோம். அத்திவாரத்தைச் சுற்றியுள்ள துளைக்குழாயின் நீர் அதில் வந்து விழும். நீர் ஏற ஏற மிதவை உயர்ந்து மோட்டாரை இயக்கும். மேலே தள்ளிய நீர் திரும்பி வராதிருக்க ஒருவழி வால்வு உண்டு. அதற்குக் கீழே குழாயில் சிறு துளையொன்று இடவேண்டும் என்று அண்ணன் சொன்னபோது, நல்ல குழாயை ஏன் ஓட்டையாக்க வேண்டுமென்று வாதாடினேன். அத்துளை இல்லாவிட்டால் காற்று அடைபட்டு, மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாமல் போகலாம் என்பது பிறகுதான் விளங்கியது.

தொட்டியின் மூடியை மட்டும் நான் அலட்சியமாக எண்ணி, ஒரு பலகையைப் போட்டு மூடினேன். சில வாரங்களில் அறையெங்கும் ஈரவாடை பரவியது. நடை பழகும் மகளோ பலகையை இழுத்துப் பார்க்கத் தொடங்கினாள். இறுக்கமான மூடி போட அதைவிடப் பெரிய காரணம் ரேடன். மண்ணிலிருந்து கசியும், நிறமும் மணமும் அற்ற இந்தக் கதிரியக்க வாயு, திறந்த குழி வழியாக எளிதில் வீட்டுக்குள் ஏறும். புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு இதுவே முக்கிய காரணம். வீட்டுக் காற்றில் அதன் அளவு கன மீற்றருக்கு 200 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பது கனடாவின் வழிகாட்டல். ஆகவே இறப்பர் வளையத்தோடு திருகாணியால் இறுக்கும் மூடியை வாங்கி, குழாயும் மின்கம்பியும் நுழையும் இடங்களைச் சிலிக்கனால் அடைத்தோம். பம்பு பழுதானால் கழற்றவேண்டியிருக்கும் என்பதால் மூடியின் விளிம்பில் மட்டும் பசை பூசவில்லை.

வேலை முடிந்த இரவு அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். மோட்டாரையும் மூடியையும் அவர் பொருட்படுத்தவில்லை. "அந்தத் தண்ணிய யாரு பக்கம் திருப்பி விட்டிருக்க?" என்று மட்டும் கேட்டார். நீரை வெளியே விடும் குழாயின் வாய் பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தபடி இருந்தது. மறுநாள் காலையில் அதைக் கழற்றி, சுவரிலிருந்து ஆறடி தள்ளி எங்கள் புல்தரைக்கே திருப்பினேன்.