தண்ணீர்க் கணக்கு

ஜூன் 17, திருக்கோவில்

கதிர்காம முருகன் கோவிலுக்குப் பாதயாத்திரை, நானும் என் பள்ளிக்கூடத் தோழியும். கோவில் வீதியில் படுக்க இடம் கிடைத்தது. இரவெல்லாம் கச்சான், அந்த வறண்ட சுடுகாற்று. கடல் பக்கத்திலேயே இருந்தும் குளிர்ச்சி இல்லை. அவள் கால்கூடக் கழுவாமல் தூங்கிவிட்டாள். வெறுங்காலுடன் நடப்பது அவளுடைய நேர்த்திக்கடன். எனக்கு நேர்த்தி எதுவும் இல்லை. செருப்போடுதான் வருகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஜூன் 18, கோமாரி

பத்து மணிக்கு மேல் தார் வீதியில் கால் வைக்க முடியாது. வெறுங்காலில் வருகிறவர்கள் எல்லோரும் ஓரத்து வெள்ளைக்கோட்டின்மேல் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள். அதில் சூடு கொஞ்சம் குறைவு. தாகசாந்திப் பந்தல்களில் "குடியுங்கள் சாமி" என்று மோரையும் சர்க்கரைத் தண்ணீரையும் கையில் திணிக்கிறார்கள். அவள் இரண்டு மிடறு குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டுகிறாள். அதிகம் குடித்தால் ஒதுங்க வேண்டும், எங்கே ஒதுங்குவது என்கிறாள். நியாயமான கேள்விதான். இத்தனை பெண்கள் நடக்கும் வீதியில் பந்தல் போட்டவர் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

போதாததற்கு அந்தப் பிரஷர் மாத்திரை. உடம்பில் உள்ள தண்ணீரைச் சிறுநீராக இறக்குகிற வகை. இந்த வெயிலில் வியர்வையும் போய் அதுவும் போனால்? புறப்படும் முன் கிளினிக்கில் கேள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "முருகன் பார்த்துக்கொள்வான்" என்றாள். முருகன் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான் என்று கேட்டேன். அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஜூன் 19, பொத்துவில்

இன்னும் பேசவில்லை.

ஜூன் 21, பாணமை

முதலுதவிக் கூடாரத்தில் பிரஷர் அளந்தார்கள். தலை சுற்றினால் நடக்க வேண்டாம், நிழலில் உட்காருங்கள் அம்மா என்றார் அந்தப் பிள்ளை. எந்த நிழலில்?

இடது குதிகாலில் கொப்புளம் உடைந்திருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 22, உகந்தை

காட்டுக்குள் போவதற்கான பதிவு வரிசையில் பாதி நாள் போயிற்று. இனிக் கதிர்காமம் வரை கடை இல்லை, வீடு இல்லை. அரிசி, பருப்பு, உப்பு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பொட்டலங்கள். தண்ணீர்க் கேன் இரண்டு. எது யாருடைய தலையில் என்று மறுபடியும் சண்டை. பெரிய கேனை நான் எடுத்தேன்.

மாலையில் வள்ளியம்மன் மலைக்கு ஏறினோம். பாறைச் சுனைகளில் தண்ணீர் கிடந்தது. முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய கரை இது என்று ஒரு கிழவர் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். என்ன நேர்த்தி என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்றுதான் பயம்.

ஜூன் 23

காடு. சிறுநீர் கடும் மஞ்சள் என்று அவளே வந்து சொன்னாள். பரவாயில்லை, சொல்லவாவது செய்கிறாள்.

ஜூன் 24, கும்புக்கன் ஆறு

மருதமரங்கள்! மூன்று மணிநேரம் வெயிலே மேலே படவில்லை. ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். உடுத்த சேலையோடு அதில் மல்லாந்து கிடந்தாள், எழும்ப மாட்டேன் என்று அடம். குதிகாலை மணல் உரசிய இடத்தில் மட்டும் ஒரு தரம் முகம் சுளித்தாள். மற்றபடி பள்ளிக்கூடத்தில் சிரித்த அதே சிரிப்பு. இரண்டு ஜீவனி குடித்தாள், நான் கேட்காமலே.

பாலைப்பழக் காலம் ஆகையால் மரங்களில் கரடி இருக்கும், அண்ணாந்து பார்த்து நடவுங்கள் என்கிறார்கள். கீழே முள், மேலே கரடி. எதைப் பார்ப்பது?

ஜூன் 25, நாவலடி

மணல். பற்றை. மணல். அரோகரா சொல்லக்கூட வாயில் எச்சில் இல்லை. அவள் எனக்கு முன்னால் நடக்கிறாள், எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 26, வியாழை

பதினொரு மணிக்கு உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, உட்கார்ந்தாள். கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி வைத்தேன். பின்னால் வந்த சாமிமார் சேலை பிடித்து நிழல் செய்தார்கள். கரைத்த ஜீவனியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் படிந்தது.

மாலையில் சொல்கிறாள், மூன்று நாளாக மாத்திரை போடவில்லையாம். போட்டால் ஒரு பயம், போடாவிட்டால் இன்னொரு பயம். எந்தப் பயத்துக்கு நான் சத்தம் போடுவது?

தண்ணீர் பௌசர் லொறி வந்தது, கேன்கள் நிரம்பின. பௌசரிலேயே ஏறிப் போய்விடு என்றேன். மாட்டாள்.

நாளை வள்ளியம்மன் ஆறு. வெயிலுக்கு முன் போய்ச் சேர இருட்டிலேயே புறப்பட வேண்டும் என்கிறது ஒரு கூட்டம். யானை நிற்கும், விடியாமல் அசையாதே என்கிறது இன்னொரு கூட்டம். அவள் முதல் கூட்டத்தோடு சேர்ந்து மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். பெரிய கேனைக் காணவில்லை, அவள்தான் எடுத்து ஒளித்திருக்க வேண்டும், போய்