வெற்றிக்கு யாரைக் காரணம் சொல்கிறோம்?

அரவிந்த் கண் மருத்துவமனை எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்ற கேள்விக்குக் குறைந்தது மூன்று விடைகள் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டில், தம் 58ஆவது வயதில், 11 படுக்கைகளுடன் மதுரையில் அதைத் தொடங்கினார். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் அதைப் பாடமாக எழுதி வைத்தது. அறுவை மருத்துவரின் ஒரு நிமிடம்கூட வீணாகாத வகையில் நோயாளிகளை அடுத்தடுத்து ஆயத்தப்படுத்தும் ஒழுங்கும், எண்ணிக்கை கூடக்கூடக் குறைகின்ற செலவும், கட்டணம் செலுத்துவோரின் பணத்தால் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளிக்கும் கணக்கும்தான் நிர்வாகவியல் மாணவர்களுக்கு அங்கே விளக்கப்படும் காரணங்கள். நிறுவியவரோ மெக்டொனால்ட்ஸ் உணவகங்களின் ஒரே சீரான செயல்முறையைக் கண்டு வியந்ததை மறைக்காமல் சொன்னவர். ஆயினும் தம்மை இறைசக்தியின் கருவியாகவே கருதியவர், புதுச்சேரி ஆசிரமத்து ஸ்ரீ அரவிந்தரிடமும் அன்னையிடமும் ஆழ்ந்த பற்றுடையவர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இவை இரண்டையும் விட்டுவிட்டு, "கூடப் பிறந்தவங்க எல்லாரும் சேர்ந்து நின்னாங்கல்ல" என்பார்கள். தங்கை நாச்சியார், அவருடைய கணவர் நம்பெருமாள்சாமி எனக் குடும்பமே மருத்துவமனையோடு கலந்துவிட்டது அவர்களுக்கு முதன்மையான செய்தி.

மூன்றும் உண்மைதான். ஆனால் எதை முன்னே வைத்துச் சொல்கிறோம் என்பது நாம் வளர்ந்த சமூகத்தைப் பொறுத்தது. ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் செய்த செயலுக்கு என்ன காரணம் என்று சிகாகோ மக்களிடமும் மைசூர் மக்களிடமும் கேட்டிருந்தார். அமெரிக்கப் பெரியவர்கள் அந்த மனிதரின் குணத்தைச் சுட்டினார்கள். மைசூர்ப் பெரியவர்கள் சூழலையும் உறவுகளையும் கடமைகளையும் சுட்டினார்கள். சிறுவர்களிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை, வயது ஏறஏறத்தான் விரிந்தது என்பதே அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது. காரணம் சொல்லும் முறையைக்கூட நாம் பெரியவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் பழகிக்கொள்கிறோம்.

மதுரைக் கடைவீதியில் அந்தப் பழக்கத்தை நன்றாகவே காணலாம். கீழமாசி வீதியில் மூன்று தலைமுறையாகப் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவரிடம் வளர்ச்சியைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் மீனாட்சி புண்ணியம், அப்பச்சி காலத்து நல்ல பேரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். தம் உழைப்பைத் தாமே பாராட்டிப் பேசினால் கண்ணேறு படும். அதைவிட, உதவியவர்களை மறந்துவிட்டார் என்ற பழிச்சொல் வரும், அடுத்த முறை கடனுக்குச் சரக்கு தருபவர் தயங்குவார். ஆகவே அந்த விடையில் பக்தியோடு வியாபார விவேகமும் இருக்கிறது. இந்தப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு, இவர்கள் விதியை நம்பிச் சும்மா இருப்பவர்கள் என்று முடிவு கட்டிய அறிஞர்கள் உண்டு. அதே மனிதர் கடையில் சேரும் பையனை என்ன செய்கிறார் என்று பார்த்தால் அந்த முடிவு நிற்காது. முதலில் கூட்டிப் பெருக்க விடுவார், பிறகு பொட்டலம் மடிக்க விடுவார், எடை போட விடுவார், ஆண்டுகள் கழித்தே கல்லாப்பெட்டிப் பக்கம் வர விடுவார். ராசியை மட்டும் நம்புபவருக்கு இத்தனை பயிற்சி எதற்கு?

விருதுநகர், சிவகாசி வட்டாரத்து நாடார் வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்துப் பள்ளிகளையும் பொதுக் காரியங்களையும் நடத்தினார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் சமூகத்தார் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது அதுவே. கடன் கிடைத்தால்தான் துணிவு வேலை செய்யும் என்ற புரிதல் இதில் தெளிவாக இருக்கிறது. அதே ஏற்பாடு அந்தச் சாதிக்கு வெளியே பிறந்தவருக்கு, அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், எளிதில் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தோல்விக்கும் நம் விளக்கம் வேறுதான். கலிபோர்னியாவில் ஒரு முறை நொடித்தவர் அதையே அனுபவமாகக் காட்டி அடுத்த முதலீட்டாளரைத் தேடலாம். இங்கே மஞ்சள் கடுதாசி கொடுத்தவரின் பெயர் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும். வெற்றியைக் குடும்பத்துக்கும் ஊருக்கும் பங்கு வைக்கும் சமூகம் தோல்வியையும் அப்படியே பங்கு வைத்துவிடுகிறது.

இந்தப் பங்கீட்டில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் உண்டு. கடையின் பற்று வரவைப் பார்த்து, வேலையாட்களுக்குச் சமைத்துப் போட்டு, நெருக்கடியில் நகையைக் கழற்றிக் கொடுத்த மனைவியின் பங்கு, "மகாலட்சுமி வந்த ராசி" என்ற ஒரே தொடருக்குள் அடங்கிப்போகிறது. ராசி என்று சொல்லிவிட்டால் அவளைப் பங்குதாரராகச் சேர்க்கத் தேவையில்லை. வங்கியில் அவள் பெயரில் கணக்கும் தேவையில்லை. வியாபாரம் சரிந்தாலோ, அதே ராசி அவள் தலையில் விழும்.

அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகாதவர். களஞ்சியம் மகளிர் குழுக்களை வளர்த்தெடுத்தவர். 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஸ்திரீ சக்தி விருது விழாவில் அப்போதைய பிரதமர் வாஜ்பாய் அவருடைய காலைத் தொட்டு வணங்கியதை மதுரையில் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிறுசிறு தொகையாகச் சேமித்து, யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது, திருப்பித் தரத் தாமதிப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று கூடி முடிவெடுக்கும் அந்தப் பெண்களின் திறமையை, வியாபாரத் திறமை என்று குறிப்பிட்டு எங்கள் கடைவீதியில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.