சுவரில் ஒட்டிய சார்ட்

போன மாதம் தக்கலையில் ஒரு கல்யாணப் பந்தி. அடைப்பிரதமனில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டிப்பழத்தையும் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து அக்கா மகன் கேட்டான், "மாமா, நானும் உங்களை மாதிரி அஜைல் கோச் ஆகணும், எந்த சர்டிஃபிகேட் எடுக்கட்டும்?" அஜைல் என்றால் மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகச் செய்து, அடிக்கடி காட்டித் திருத்திக்கொண்டே போகிற முறை; அதை டீம்களுக்குப் பழக்குகிறவன் கோச். அவன் வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பந்தியில் வைத்துப் பேசுகிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் கோச் ஆக வேண்டுமென்று கிளம்பியவன் இல்லை. கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் டெஸ்டர். நாகர்கோவிலில் காலை ரயில் ஏறி, இரணியல், குழித்துறை, பாறசாலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிற சீசன் டிக்கெட் கூட்டத்தோடு நெருக்கியடித்துப் போய் வந்துகொண்டிருந்தேன். எங்கள் டீமின் ஸ்க்ரம் மாஸ்டர், அதாவது ஸ்க்ரம் என்கிற அஜைல் முறையை டீம் சரியாகப் பின்பற்ற உதவுகிறவர், திடீரென வேலையை விட்டார். மேனேஜர் சுற்றிலும் பார்த்தார், அதிகம் பேசுகிறவன் நான்தான், என்னைப் போட்டுவிட்டார். அப்புறம் பரீட்சை எழுதினேன். பிஎஸ்எம் என்கிற ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழின் முதல் நிலை என்றால் 80 கேள்வி, 60 நிமிடம், 85 சதவீதம் எடுத்தால் பாஸ். ஸ்க்ரமின் விதிகளைச் சொல்கிற, படிக்க வேண்டிய ஸ்க்ரம் கைடு பதினைந்து பக்கம்கூட வராது, ரயில் குழித்துறை போவதற்குள் ஒரு தடவை வாசித்துவிடலாம்.

முதல் இரண்டு வருடம் நான் பார்த்தது கங்காணி வேலை. டீம் தனக்குள் பேசி அன்றைய நாளைத் திட்டமிட வேண்டிய 15 நிமிட தினசரிக் கூட்டத்தில், ஆளாளுக்கு என் முகத்தைப் பார்த்துக் கணக்கு ஒப்பித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. நான் செய்த பெரிய தப்பு, வெலாசிட்டி சார்ட்டைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியது. ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு வேலை மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது என்று அந்த டீம் போடுகிற மதிப்பு, அவ்வளவுதான். ஒரு ஸ்பிரிண்ட்டில், அதாவது சில வாரம் ஓடுகிற ஒரு வேலைச் சுற்றில், முடித்த பாயிண்ட்டுகளைக் கூட்டினால் வெலாசிட்டி. அடுத்த ஸ்பிரிண்ட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டிய எண் அது. அந்தப் பக்கம் வந்த மேனேஜர் பார்த்துவிட்டு, "பக்கத்து டீம் 40, நீங்க ஏன் 28?" என்று கேட்டார்.

மூன்றே மாதத்தில் 28 என்பது 45 ஆனது. எனக்கு ஒரு கோப்பைகூடக் கொடுத்தார்கள். டீக்கடையில் வைத்துத்தான் ஒரு ஜூனியர் பெண் சொன்னாள், "அண்ணா, முன்னாடி 3 போட்ட வேலைக்குத்தான் இப்போ 8 போடுறோம், உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. அவசரத்தில் டெஸ்ட்டையும் குறைத்துவிட்டார்கள் என்பது, பக் எண்ணிக்கை ஏறின பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்குக் குலசேகரத்தில் கொஞ்சம் ரப்பர் உண்டு. அவரிடம் புலம்பினேன். "ஆழமா வெட்டுனா அந்த மாசம் பால் கூடத்தான் கிடைக்கும், பட்டையில காயம் பட்டா பிறகு எங்க வெட்டுவ?" என்றார். இந்த உதாரணத்தைப் பிற்பாடு பெங்களூரில் ஒரு வகுப்பில் சொல்லப்போய், ரப்பர் மரத்தில் பால் எடுப்பது எப்படி என்று பத்து நிமிடம் விளக்க வேண்டியதாயிற்று.

சார்ட்டைக் கிழித்தேன். ஒரு வேலை தொடங்கி வாடிக்கையாளர் கைக்குப் போக எத்தனை நாள் ஆகிறது, ஒரே நேரத்தில் எத்தனை வேலை திறந்து கிடக்கிறது, இந்த இரண்டை மட்டும் எண்ணினோம். ஆறு பேர், 17 வேலை! முடிக்கிற வேகம் மாறாமல் உள்ளே கிடக்கிற வேலை கூடினால் ஒவ்வொன்றும் முடிய ஆகும் நாளும் கூடும். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற யாருக்கும் தெரிந்த இதை 1961-ல் பேராசிரியர் ஜான் லிட்டில் கணக்காகவே நிரூபித்தார். ஆறுக்கு மேல் திறக்கக்கூடாது என்று வைத்தோம். முதல் வாரம் இரண்டு டெவலப்பர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், மேனேஜர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அடுத்த வாரம் அந்த இரண்டு பேரும் வேறு வழியில்லாமல் டெஸ்டிங்குக்கு உதவப் போனார்கள். தேங்கிக் கிடந்தது அங்கேதான்.

ஸ்க்ரம் கைடில் வெலாசிட்டி என்ற சொல்லே கிடையாது, ஸ்டோரி பாயிண்ட்டும் கிடையாது. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை என்று தினசரிக் கூட்டத்தில் கேட்கிற மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பரீட்சைக்காகப் படித்தவனுக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

இப்போது மாதத்தில் பாதி நாள் வகுப்பு, பாதி நாள் கோச்சிங். வகுப்பில் ஒரு சுகம் உண்டு: இரண்டாம் நாள் சாயங்காலம் எல்லாரும் கைதட்டுவார்கள், மூன்றாம் நாள் அவர்கள் ஆபீசில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. கோச்சிங்கில் அந்த மூன்றாம் நாளிலிருந்துதான் வேலையே. வருமானமும் நிலையில்லை. செலவைக் குறைக்க நினைக்கிற கம்பெனி முதலில் எங்களைத்தான் பார்க்கும். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஜைல் பணியிடங்களை ஒரேயடியாக நீக்கியது.

சரி, மருமகனே. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் கூடி, அஜைலுக்கு அடிப்படையான கொள்கை அறிக்கையை எழுதிய 17 பேரும் பல வருடம் மென்பொருள் துறையில் கைசுட்டுக்கொண்டவர்கள். நீ இன்னும் ஐந்து வருடம் கோடு எழுது. வெள்ளிக்கிழமை ராத்திரி, வாடிக்கையாளர்கள் பயன்படுத்துகிற புரொடக்‌ஷன் சிஸ்டம் விழுந்து நீயே உட்கார்ந்து சரிசெய்த பிறகு வா, பேசலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா போன் செய்தாள். பையன் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டானாம்.